சிம்பிள் பாஸ்ட்டா, பாஸ்ட் கன்டினியூவஸா: எதை எங்கே போடுவது?

'ஐ ஒர்க்ட்' என்று எழுதுவதா, 'ஐ வாஸ் ஒர்க்கிங்' என்று எழுதுவதா? ஆங்கிலத்தில் ஓரளவு பேசி எழுதப் பழகியவர்கள்கூட இந்த இடத்தில் தடுமாறுவார்கள். பலரும் கையில் வைத்திருக்கும் சூத்திரம் ஒன்றுதான்: தமிழில் 'செய்தேன்' என்று வந்தால் சிம்பிள் பாஸ்ட், 'செய்துகொண்டிருந்தேன்' என்று வந்தால் பாஸ்ட் கன்டினியூவஸ். இந்தச் சூத்திரம் பொய் இல்லை, நிறைய இடங்களில் கைகொடுக்கும். ஆனால் அது காலை வாரிவிடும் இடங்களும் உண்டு. தமிழர்கள் செய்யும் தவறுகளில் பெரும்பகுதி அந்த இடங்களில்தான் குவிந்து கிடக்கிறது. அதனால் இங்கே பொது விதிகளைவிட அவற்றுக்கே அதிக இடம் கொடுத்திருக்கிறோம்.

எடுத்துக்காட்டு வாக்கியங்களை உச்சரிப்பின்படி தமிழ் எழுத்தில் தந்திருக்கிறோம். பயிற்சி செய்யும்போது அவற்றை ஆங்கில எழுத்திலேயே எழுதிப் பாருங்கள்.

முதலில் வடிவம்

சிம்பிள் பாஸ்ட்டுக்கு வினைச்சொல்லின் இரண்டாம் வடிவம் மட்டும் போதும்: ஒர்க் - ஒர்க்ட், கோ - வென்ட், சீ - சா. எதிர்மறையிலும் கேள்வியிலும் 'டிட்' வரும். அது வந்தவுடன் வினை முதல் வடிவத்துக்குத் திரும்பிவிடும். 'ஐ டிடின்ட் கோ', 'டிட் யூ கோ?' என்பதே சரி. இறந்தகாலம் என்ற செய்தியை 'டிட்' ஏற்கெனவே சொல்லிவிட்டதால் 'டிடின்ட் வென்ட்' என்று எழுதினால் அதையே இரண்டு தடவை சொன்னதாகிவிடும்.

பாஸ்ட் கன்டினியூவஸுக்கு இரண்டு துண்டுகள் வேண்டும்: முன்னால் 'வாஸ்' அல்லது 'வேர்', பின்னால் 'இங்' சேர்ந்த வினை. ஐ, ஹி, ஷி, இட் ஆகியவற்றுக்கு வாஸ். யூ, வி, தே ஆகியவற்றுக்கு வேர். எதிரில் இருப்பவர் ஒரே ஆள்தான் என்றாலும் யூ-வுக்கு வேர்தான். கேள்வி கேட்க இடம் மாற்றினால் போதும்: 'வேர் யூ ஸ்லீப்பிங்?'

இந்த இரண்டு துண்டில் ஒன்று தவறிப்போவது வழக்கமான பிழை. 'ஐ ஒர்க்கிங் எஸ்டர்டே' என்பதில் வாஸ் இல்லை. 'ஐ வாஸ் ஒர்க்' என்பதில் இங் இல்லை. இவற்றைப் படிப்பவர் எப்படியாவது புரிந்துகொள்வார். ஆபத்தானது மூன்றாவது வகை: இறந்தகாலம் என்று காட்டுவதற்காக வாஸையும் போட்டு, வினையையும் இறந்தகாலத்தில் வைப்பது. 'நான் கூப்பிட்டேன்' என்று நினைத்து 'ஐ வாஸ் கால்ட்' என்று எழுதினால் 'என்னைக் கூப்பிட்டார்கள்' என்று பொருள் தலைகீழாகிவிடும். 'ஐ வாஸ் ஆஸ்க்ட்' என்றால் 'என்னிடம் கேட்டார்கள்'. அலுவலக மின்னஞ்சலில் யார் யாரைக் கேட்டது என்பதே மாறிப்போகும்.

இங் சேர்க்கும்போது எழுத்துக்கூட்டலில் மூன்று மாற்றங்கள் உண்டு. மேக், டிரைவ், ரைட் போன்றவற்றின் கடைசியில் ஒலிக்காமல் நிற்கும் 'ஈ' எழுத்து விழுந்துவிடும். ரன், சிட், ஸ்டாப் போன்ற ஓரசைச் சொற்களில் கடைசி மெய்யெழுத்து இரட்டிக்கும். லை, டை என்று ஒலிப்பவற்றின் இறுதியில் இருக்கும் 'ஐ', 'ஈ' என்ற இரண்டு எழுத்துகளும் போய் 'ஒய்' வரும்.

'படி' என்று பொருள்படும் ரீட் தனி ரகம். அதன் இறந்தகால வடிவமும் எழுத்தில் அப்படியேதான் இருக்கும், ஒலி மட்டும் 'ரெட்' என்று மாறும். வாய்விட்டுப் படிக்கும்போது நிறையப் பேர் மாட்டிக்கொள்ளும் சொல் இது.

கேட்க வேண்டிய ஒரே கேள்வி

எழுதுவதற்கு முன் உங்களையே கேட்டுக்கொள்ளுங்கள்: நான் பேசுகிற அந்த நேரத்தில் செயல் பாதியில் இருந்ததா, அல்லது தொடங்கி முடிந்த ஒரு முழுச் செயலாக அதைச் சொல்கிறேனா? பாதியில் இருந்தது என்றால் பாஸ்ட் கன்டினியூவஸ். முழுச் செயல் என்றால் சிம்பிள் பாஸ்ட்.

செயல் எவ்வளவு நேரம் நீடித்தது என்பது இங்கே கணக்கில் வராது. 'நீண்ட நேரம் நடந்தது, அதனால் கன்டினியூவஸ்' என்ற எண்ணத்தை முதலில் விட்டுவிடுங்கள். இரண்டாம் உலகப் போர் 1939 முதல் 1945 வரை நடந்தது. ஆறு ஆண்டுகள் நீடித்தும் ஆங்கிலத்தில் அது 'த வார் லாஸ்டெட் சிக்ஸ் இயர்ஸ்' என்று சிம்பிள் பாஸ்ட்டில்தான் வரும், ஏனென்றால் போரை முழுதாகச் சொல்கிறோம். கதவைத் திறக்க மூன்று வினாடி போதும். ஆனாலும் 'ஹி வாஸ் ஓப்பனிங் த டோர் வென் ஐ ஷவுட்டெட்' என்று சொல்லலாம், ஏனென்றால் நான் கத்திய நொடியில் திறக்கும் வேலை பாதியில் இருந்தது.

முடிந்ததா இல்லையா என்ற வேறுபாடு சில வினைகளில் உயிர்போகும் வேறுபாடு. 'ஹி வாஸ் டிரவுனிங்' என்றால் தண்ணீரில் தத்தளித்துக்கொண்டிருந்தார், அடுத்த வாக்கியத்தில் யாராவது இழுத்துப் போட்டிருக்கலாம். 'ஹி டிரவுன்ட்' என்றால் மூழ்கி இறந்துவிட்டார். அதற்குப் பிறகு 'ஆனால் காப்பாற்றிவிட்டார்கள்' என்று தொடர முடியாது. அதேபோல் 'ஐ ரெட் த ரிப்போர்ட் லாஸ்ட் நைட்' என்றால் முழுவதும் படித்துவிட்டீர்கள் என்று மேலாளர் எடுத்துக்கொள்வார். 'ஐ வாஸ் ரீடிங் த ரிப்போர்ட்' என்றால் முடித்தீர்களா இல்லையா என்று தெரியாது. பாதிதான் படித்தீர்கள் என்றால் இரண்டாவதே நேர்மையான வாக்கியம்.

இரண்டு செயல்கள் சேர்ந்து வரும்போது

ஒரு செயல் நடந்துகொண்டிருக்க, இன்னொன்று நடுவில் வந்து விழுகிறது என்றால், நடந்துகொண்டிருந்தது கன்டினியூவஸ், விழுந்தது சிம்பிள்: 'ஐ வாஸ் டிரைவிங் வென் த ஃபோன் ராங்.' ஒன்று முடிந்து ஒன்று என்று வரிசையாக நடந்தால் எல்லாமே சிம்பிள்: 'த ஃபோன் ராங், ஐ ஸ்டாப்ட் த கார் அண்ட் ஆன்சர்ட் இட்.'

கீழே உள்ள மூன்று வாக்கியங்களையும் நிதானமாகப் படியுங்கள். முதல் பாதி மூன்றிலும் ஒன்றுதான்.

வென் ஷி அரைவ்ட், வி வேர் ஹாவிங் டின்னர்.
வென் ஷி அரைவ்ட், வி ஹாட் டின்னர்.
வென் ஷி அரைவ்ட், வி ஹாட் ஹாட் டின்னர்.

முதலாவதில் அவர் வந்தபோது சாப்பாடு பாதியில் இருந்தது. இரண்டாவதில் அவர் வந்த பிறகுதான் சாப்பிட உட்கார்ந்தோம். மூன்றாவதில் அவர் வருவதற்குள் சாப்பிட்டு முடித்துவிட்டோம். அது பாஸ்ட் பெர்ஃபெக்ட். அவருக்குச் சாப்பாடு மிச்சம் இருந்ததா என்பது வினை வடிவத்தைப் பொறுத்தது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வியிலும் இதே வேறுபாடு உண்டு, நேர்முகத்திலும் விசாரணையிலும் இது முக்கியம். 'வாட் வேர் யூ டூயிங் வென் த அலாரம் வென்ட் ஆஃப்?' என்றால் அலாரம் அடித்த நேரத்தில் நீங்கள் எந்த வேலையில் இருந்தீர்கள் என்று கேட்கிறார்கள். 'வாட் டிட் யூ டூ வென் த அலாரம் வென்ட் ஆஃப்?' என்றால் அடித்ததும் நீங்கள் எடுத்த நடவடிக்கை என்ன என்று கேட்கிறார்கள். முதல் கேள்விக்கு 'ஐ வாஸ் டைப்பிங் எ லெட்டர்' பொருந்தும். இரண்டாவதற்கு 'ஐ ரான் அவுட்' பொருந்தும். பதிலை மாற்றிச் சொன்னால், அலாரம் அடித்த பிறகும் உட்கார்ந்து கடிதம் அடித்தீர்களா என்று எதிரில் இருப்பவர் புருவத்தை உயர்த்துவார்.

'வைல்' என்ற சொல்லுக்குப் பின்னால் நடந்துகொண்டிருந்த செயலை வையுங்கள். சட்டென்று முடியும் செயலை வைக்க வேண்டாம். 'வைல் த ஃபோன் ராங்' என்பது காதுக்கு ஒட்டாது. 'வென்' இரண்டையும் ஏற்கும். இரண்டு செயல்கள் பக்கம் பக்கமாக ஓடினால் இரண்டையும் கன்டினியூவஸில் வைக்கலாம்: 'வைல் ஐ வாஸ் குக்கிங், ஹி வாஸ் கிளீனிங் த ரூம்.'

தமிழ் காலை வாரும் இடங்கள்

*'இருந்தார்' வினைகள்.* தமிழில் உட்கார்ந்திருந்தார், படுத்திருந்தார், பிடித்திருந்தார், சட்டை போட்டிருந்தார், காத்திருந்தார் என்கிறோம். இவற்றில் 'கொண்டு' இல்லாததால் சூத்திரம் தெரிந்தவர்கள் சிம்பிள் பாஸ்ட்டையோ, இன்னும் கொஞ்சம் படித்தவர்கள் 'ஹாட் சாட்' என்று பாஸ்ட் பெர்ஃபெக்ட்டையோ போட்டுவிடுகிறார்கள். அந்த நேரத்தில் அந்த நிலை தொடர்ந்துகொண்டிருந்ததால் ஆங்கிலத்தில் இவை கன்டினியூவஸ்: 'ஹி வாஸ் சிட்டிங்', 'வாஸ் லையிங்', 'வாஸ் ஹோல்டிங்', 'வாஸ் வேரிங்', 'வாஸ் வெயிட்டிங்'. 'வென் ஐ என்டர்ட், ஹி சாட்' என்று எழுதினால், நான் நுழைந்ததும் அவர் உட்கார்ந்தார் என்றாகிவிடும். ஏற்கெனவே உட்கார்ந்திருந்த மனிதரை எழுப்பி மறுபடி உட்காரவைத்த கதை.

*'நின்றுகொண்டிருந்தது'.* நிலையத்தில் ஒரு பேருந்து நின்றுகொண்டிருந்தது. 'நிற்க' என்பதற்கு 'ஸ்டாப்' என்று மனப்பாடம் செய்தவர் 'த பஸ் வாஸ் ஸ்டாப்பிங்' என்பார். அதற்குப் பொருள், பேருந்து வேகம் குறைந்து நிற்கப்போய்க்கொண்டிருந்தது. ஒரே நொடியில் நிகழும் மாற்றத்தைச் சொல்லும் வினைகளைக் கன்டினியூவஸில் போட்டால், மாற்றம் இன்னும் நிகழவில்லை, அதை நோக்கிப் போகிறது என்று பொருள் வரும். 'வாஸ் அரைவிங்' என்றால் வந்து சேர்ந்துகொண்டிருந்தது, இன்னும் சேரவில்லை. 'வாஸ் டையிங்' என்றால் சாகக் கிடந்தார். நின்ற பேருந்துக்கு 'வாஸ் ஸ்டாண்டிங்' அல்லது 'வாஸ் பார்க்ட்' போடுங்கள்.

*வழக்கமாகச் செய்தவை.* 'சின்ன வயதில் தினமும் நீந்தப் போய்க்கொண்டிருந்தேன்' என்பது நல்ல தமிழ். ஆங்கிலத்தில் அது 'ஐ வென்ட் ஸ்விம்மிங் எவ்ரி டே' அல்லது 'ஐ யூஸ்ட் டு கோ ஸ்விம்மிங்'. பழக்கத்துக்கும் திரும்பத் திரும்பச் செய்ததற்கும் சிம்பிள் பாஸ்ட்தான் இயல்பு. கொஞ்ச காலத்துக்கு மட்டும் இருந்த ஏற்பாடு என்று காட்ட விரும்பினால் 'தட் மன்த் ஐ வாஸ் கோயிங் எவ்ரி டே' என்று சொல்லலாம், அதுவும் அந்த மாதம் போல ஒரு காலத்தைச் சுட்டிய பிறகு. வேலை அனுபவத்துக்கும் இதே கணக்கு. 'முன்பு ஒரு வங்கியில் ஐந்து ஆண்டுகள் வேலை பார்த்துக்கொண்டிருந்தேன்' என்பது தன்விவரக் குறிப்பில் 'ஐ ஒர்க்ட் இன் எ பேங்க் ஃபார் ஃபைவ் இயர்ஸ்' என்று வர வேண்டும்.

*'வரும்போது'.* இந்த ஒரு சொல்லுக்குள் இரண்டு ஆங்கில வடிவங்கள் ஒளிந்திருக்கின்றன. 'வீட்டுக்கு வரும்போது ஒரு விபத்தைப் பார்த்தேன்' என்றால் வழியில் பார்த்தேன்: 'வைல் ஐ வாஸ் கமிங் ஹோம், ஐ சா அன் ஆக்சிடென்ட்.' 'நான் வீட்டுக்கு வரும்போது அவர் தூங்கிக்கொண்டிருந்தார்' என்றால் வந்து சேர்ந்த நேரம்: 'வென் ஐ கேம் ஹோம், ஹி வாஸ் ஸ்லீப்பிங்.' சந்தேகம் வந்தால் 'வரும்போது' இருக்கும் இடத்தில் 'வரும் வழியில்' என்று போட்டுப் பாருங்கள். பொருந்தினால் கன்டினியூவஸ். 'வந்து சேர்ந்தபோது' பொருந்தினால் சிம்பிள்.

இங் ஏற்காத வினைகள்

அறிவு, விருப்பம், உடைமை, தோற்றம் இவற்றைக் குறிக்கும் வினைகள் பொதுவாக இங் ஏற்பதில்லை: நோ, பிலீவ், அண்டர்ஸ்டாண்ட், ரிமெம்பர், வாண்ட், நீட், லைக், ஓன், பிலாங், சீம், கன்டெய்ன். தெரிவதும் வைத்திருப்பதும் நிலைகள், அவற்றில் பாதி என்று ஒன்று கிடையாது. அதனால் 'ஐ வாஸ் நோயிங் ஹிம்' தவறு, 'ஐ நியூ ஹிம்' சரி.

சில வினைகள் இரண்டு பக்கமும் ஆடும். 'ஹாவ்' உடைமையைக் குறித்தால் இங் வராது: 'ஐ ஹாட் எ கார்'. சாப்பிடுவது, குளிப்பது, பேசுவது போன்ற செயலைக் குறித்தால் வரும்: 'ஐ வாஸ் ஹாவிங் லன்ச்'. 'திங்க்' கருத்தைக் குறித்தால் 'ஐ தாட் இட் வாஸ் ராங்'. யோசிக்கும் செயலைக் குறித்தால் 'ஐ வாஸ் திங்கிங் அபவுட் இட்'. 'ஹி வாஸ் ரூட்' என்றால் மரியாதை இல்லாமல் இருந்தார். 'ஹி வாஸ் பீயிங் ரூட்' என்றால் அந்த நேரத்தில் அப்படி நடந்துகொண்டார், சுபாவம் வேறாக இருக்கலாம்.

நேரச்சொற்கள் தரும் துப்பு

எத்தனை தடவை என்று எண்ணிச் சொன்னால் சிம்பிள்: 'ஐ கால்ட் யூ த்ரீ டைம்ஸ்'. எவ்வளவு நேரம் என்று மொத்தமாக அளந்து சொன்னாலும் பெரும்பாலும் சிம்பிள்: 'ஐ வெயிட்டெட் ஃபார் டூ அவர்ஸ்'. 'நேற்று இரவு 8 மணிக்கு' என்று ஒரு புள்ளியைச் சுட்டி, அப்போது நடந்துகொண்டிருந்ததைச் சொன்னால் கன்டினியூவஸ்: 'அட் எய்ட் ஐ வாஸ் வாட்சிங் த நியூஸ்'. இதையே 'அட் எய்ட் ஐ வாட்ச்ட் த நியூஸ்' என்று சொன்னால் 8 மணிக்குப் பார்க்கத் தொடங்கியதாகப் பொருள் வரும். 'ஆல் டே', 'ஆல் மார்னிங்' போன்றவற்றோடு இரண்டும் வரலாம். அந்த இடத்தில் மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டாம்.

இவற்றோடு மூன்று சிறு பயன்பாடுகளும் தெரிந்திருக்கட்டும். பணிவாகக் கேட்க 'ஐ வாஸ் ஒண்டரிங் இஃப் யூ குட் ஹெல்ப் மீ' என்பார்கள். கேட்பது இப்போதுதான், வடிவம் மட்டும் இறந்தகாலம். நடக்காமல் போன திட்டத்தைச் சொல்ல 'ஐ வாஸ் கோயிங் டு கால் யூ' வரும். 'ஷி வாஸ் ஆல்வேஸ் கம்ப்ளெயினிங்' என்பதில் சொல்பவரின் எரிச்சல் தெரியும், 'ஷி ஆல்வேஸ் கம்ப்ளெயின்ட்' என்பதில் அவ்வளவு தெரியாது.

ஒரு பத்தியைத் திருத்திப் பார்ப்போம்

மருத்துவமனை அனுபவத்தை ஒருவர் இப்படி எழுதுகிறார் என்று வைத்துக்கொள்வோம்:

'ஐ வாஸ் வெயிட்டிங் ஃபார் ஒன் அவர். தென் த டாக்டர் வாஸ் கமிங் அண்ட் ஹி வாஸ் ஆஸ்கிங் சம் க்வெஸ்ச்சன்ஸ். ஐ வாஸ் நாட் அண்டர்ஸ்டாண்டிங் ஹிம் பிகாஸ் எ சைல்ட் க்ரைட் இன் த நெக்ஸ்ட் ரூம்.'

ஐந்து வினைகள், ஐந்திலும் மாற்றம் தேவை. ஒரு மணி நேரம் என்று அளந்துவிட்டதால் 'வெயிட்டெட்'. டாக்டர் வந்ததும் கேட்டதும் வரிசையான நிகழ்ச்சிகள், அதனால் 'கேம் அண்ட் ஆஸ்க்ட்'. புரிவது நிலைவினை, அதனால் 'டிடின்ட் அண்டர்ஸ்டாண்ட்'. குழந்தையின் அழுகைதான் டாக்டர் பேசியபோது பின்னணியில் தொடர்ந்துகொண்டிருந்தது, ஆகவே அது மட்டும் 'வாஸ் க்ரையிங்'. எழுதியவர் ஐந்து இடத்திலும் நேர் எதிராகப் போட்டிருக்கிறார். கன்டினியூவஸ் கொஞ்சம் கனமாகவும் படித்தவர் பேச்சு போலவும் கேட்பதால் தேவையில்லாத இடத்திலெல்லாம் அதை வைக்கும் பழக்கம் பரவலாக இருக்கிறது. நடந்ததை விவரிக்கும் பத்தியில் சிம்பிள் பாஸ்ட்தான் கதையை நகர்த்தும். கன்டினியூவஸ் பின்னணியை விரித்துவைக்கும்: மழை பெய்துகொண்டிருந்தது, ஆட்கள் ஓடிக்கொண்டிருந்தார்கள் என்பது போல. பின்னணி மட்டுமே இருந்தால் கதை நின்ற இடத்திலேயே நிற்கும்.

இரண்டாவது முறை உங்கள் எழுத்தைப் படிக்கும்போது, வாஸும் இங்கும் சேர்ந்து வரும் இடங்களை மட்டும் அடிக்கோடு இடுங்கள். ஒவ்வொன்றிலும் 'எந்த நேரத்தில் இது பாதியில் இருந்தது?' என்று கேளுங்கள். வாக்கியத்திலோ முந்தைய வாக்கியத்திலோ அந்த நேரத்தைக் காட்ட முடியாவிட்டால் சிம்பிளுக்கு மாற்றுங்கள். முதலில் எழுதி முடித்துவிட்டு இதைச் செய்வது நல்லது; எழுதும்போதே ஒவ்வொரு வினைக்கும் நின்று யோசித்தால் வாக்கியம் ஓடாது.

பயிற்சி

விடையைப் பார்க்காமல் இந்த ஐந்தையும் ஆங்கிலத்தில் எழுதிப் பாருங்கள்.

1. நான் உள்ளே போனபோது அவர் கண்ணாடி போட்டிருந்தார்.
2. நேற்று அவனை நான்கு தடவை எச்சரித்தேன்.
3. அப்போது எனக்கு அவரைத் தெரியாது.
4. அலுவலகம் போகும்போது சாவியைத் தொலைத்துவிட்டேன்.
5. மின்சாரம் போனதும் மெழுகுவத்தி ஏற்றினோம்.

விடைகள்: முதலாவது 'வென் ஐ வென்ட் இன், ஹி வாஸ் வேரிங் கிளாஸஸ்'; 'ஹி புட் ஆன் கிளாஸஸ்' என்று எழுதியிருந்தால் உங்களைப் பார்த்ததும் எடுத்து மாட்டிக்கொண்டார் என்றாகும். இரண்டாவது 'ஐ வார்ன்ட் ஹிம் ஃபோர் டைம்ஸ் எஸ்டர்டே'. மூன்றாவது 'ஐ டிடின்ட் நோ ஹிம் தென்'. 'டிடின்ட் நியூ' என்று வந்திருந்தால் வடிவம் பற்றிய பகுதிக்குத் திரும்புங்கள். நான்காவது 'ஐ லாஸ்ட் மை கீஸ் வைல் ஐ வாஸ் கோயிங் டு ஒர்க்'. 'ஆன் மை வே டு ஒர்க்' என்று எழுதியிருந்தால் இன்னும் நல்லது, பேச்சில் அதுதான் அதிகம் வரும். ஐந்தாவது 'வென் த பவர் வென்ட் அவுட், வி லிட் எ கேண்டில்'. இதில் 'வி வேர் லைட்டிங் எ கேண்டில்' என்று போட்டிருந்தால், மின்சாரம் போவதற்கு முன்பே தீக்குச்சியைக் கையில் எடுத்துவிட்டீர்கள்.